கிரெடிட் கார்டை மூடுவதும் இணைப்பதும்: ஸ்கோரில் எது மாறுகிறது, எது மாறுவதில்லை

ஆண்டுக் கட்டணம் கட்டி மாளவில்லை என்று ஒருவர் தம் கார்டுகளில் ஒன்றை மூடுகிறார். அடுத்த மாதம் பார்த்தால் கிரெடிட் ஸ்கோர் கணிசமாக இறங்கியிருக்கிறது. இன்னொருவர் இரண்டு கார்டுகளை ஒரே வாரத்தில் மூடுகிறார். அவருடைய ஸ்கோர் அசையவே இல்லை. மூன்றாமவர் ஒரே வங்கியில் வைத்திருந்த இரு கார்டுகளை ஒன்றாக்குகிறார். கார்டு ஒன்று குறைந்தும் ஸ்கோர் ஏறுகிறது. செய்தது ஏறக்குறைய ஒரே காரியம், விளைவு மட்டும் மூன்று விதம் என்பதால்தான் "பழைய கார்டை எந்தக் காலத்திலும் மூடாதே" என்ற அறிவுரையும், "கார்டு குறையக் குறைய நல்லது" என்ற அறிவுரையும் ஒரே மூச்சில் உலவுகின்றன.

வங்கிகளே ஒன்றோடொன்று சேரும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. இந்தியாவில் சிட்டி வங்கியின் சில்லறை வாடிக்கையாளர் பிரிவை ஆக்சிஸ் வங்கி 2023 மார்ச்சில் கையகப்படுத்தியது. அமெரிக்காவில் டிஸ்கவர் நிறுவனத்தை கேப்பிட்டல் ஒன் 2025 மே மாதத்தில் வாங்கியது. இரு நிறுவனங்களின் கார்டையும் வைத்திருந்தவர்கள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசிக்கத் தொடங்கினார்கள். அந்த யோசனைக்கு, ஸ்கோர் எப்படிப் போடப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கோர் எதிலிருந்து வருகிறது?

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் பெற்ற ஒவ்வொருவரின் கணக்கு விவரத்தையும் குறிப்பிட்ட இடைவெளியில் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இந்தப் பணியைச் செய்கின்றன. அமெரிக்காவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இப்படிச் சேரும் விவரத் தொகுப்புதான் கடன் அறிக்கை. அந்த அறிக்கையை ஒரு கணக்கீட்டு முறைக்குள் செலுத்தி எடுக்கும் எண்தான் ஸ்கோர். சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரையும், அமெரிக்காவில் பெரிதும் பயன்படும் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரையும் செல்லும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்கோர் என்பது எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கப்பட்டு, தவறு செய்யும்போதெல்லாம் கழிக்கப்படும் மதிப்பெண் அல்ல. யாராவது கேட்கும்போது, அந்த வேளையில் அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் புதிதாகக் கணக்கிடப்படுவது. ஆகவே "கார்டை மூடியதற்காக இத்தனை புள்ளி குறைத்துவிட்டார்கள்" என்பது நடந்ததைச் சரியாகச் சொல்வதாகாது. கார்டை மூடியதால் அறிக்கையில் ஏதோ ஒன்று மாறியது. மாறிய அறிக்கையிலிருந்து வேறு எண் வந்தது. எனவே அறிக்கையில் மாறியது எது என்று தேடுவதே சரியான வழி.

ஃபைகோ நிறுவனம் தன் கணக்கீட்டின் பொதுவான பங்கீட்டை வெளியிட்டிருக்கிறது. தவணை தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், இப்போதுள்ள நிலுவைக்கும் அது வரம்பில் எவ்வளவு என்பதற்கும் 30 சதவீதம், கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15 சதவீதம், புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10 சதவீதம், கடன் வகைகளின் கலப்புக்கு 10 சதவீதம். சிபில் தன் சூத்திரத்தை முழுமையாக வெளியிடுவதில்லை என்றாலும், கட்டிய வரலாறு, பயன்பாடு, கடனின் வகையும் வயதும், புதிய விண்ணப்பங்கள் ஆகியவையே அதற்கும் அடிப்படை. இந்தப் பட்டியலில் "கார்டு மூடல்" என்று ஒரு தலைப்பே இல்லை. மூடல் என்ற செயலுக்குத் தனியாகத் தண்டனை கிடையாது; அது இரண்டாவது, மூன்றாவது இனங்களின் வழியாக மட்டுமே ஸ்கோரைத் தொட முடியும். அவற்றில் நிலுவையையும் வரம்பையும் பார்க்கும் இனம்தான் உண்மையில் வலிக்கக்கூடியது.

வகுத்தலில் கீழே நிற்கும் எண்

நிலுவையை வரம்பால் வகுத்து வரும் சதவீதத்தைப் பயன்பாட்டு விகிதம் என்பார்கள். வரம்பு என்பது கார்டில் அதிகபட்சம் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை, பேச்சுவழக்கில் லிமிட். இந்த விகிதம் எல்லாக் கார்டுகளையும் சேர்த்து ஒருமுறையும், ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாகவும் பார்க்கப்படுகிறது. இரண்டாவதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

மூன்று கார்டுகள் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அ கார்டு: வரம்பு 2,00,000, நிலுவை 20,000.
ஆ கார்டு: வரம்பு 1,00,000, நிலுவை 40,000.
இ கார்டு: வரம்பு 3,00,000, நிலுவை ஏதுமில்லை, பயன்படுத்துவதே அபூர்வம்.

மொத்த வரம்பு 6,00,000. மொத்த நிலுவை 60,000. மொத்தப் பயன்பாடு 10 சதவீதம். ஆ கார்டில் மட்டும் தனிப் பயன்பாடு 40 சதவீதமாக உயர்ந்து நிற்கிறது.

இப்போது அவர் முன்னால் உள்ள வழிகளைப் பார்ப்போம்.

1. இ கார்டை அப்படியே மூடுகிறார். நிலுவை அதே 60,000. வரம்பு 3,00,000 ஆகச் சுருங்கிவிடுகிறது. மொத்தப் பயன்பாடு 20 சதவீதம். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கடன் வாங்காமலே, கடனில் இரு மடங்கு மூழ்கியவராக அறிக்கை அவரைக் காட்டுகிறது.

2. இ கார்டும் ஆ கார்டும் ஒரே வங்கியுடையவை. இ கார்டின் வரம்பை ஆ கார்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அதன்பின் இ கார்டை மூடுகிறார். ஆ கார்டின் வரம்பு 4,00,000 ஆகிறது. மொத்தப் பயன்பாடு பழைய 10 சதவீதத்திலேயே நிற்கிறது. ஆ கார்டின் தனிப் பயன்பாடோ 40 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்குகிறது. கார்டு குறைந்தும் ஸ்கோர் ஏறக் காரணம் இதுதான்.

3. அ கார்டின் 20,000 நிலுவையை ஆ கார்டுக்கு மாற்றி, அ கார்டை மூடுகிறார். மொத்த வரம்பு 4,00,000. மொத்தப் பயன்பாடு 15 சதவீதம். கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் ஆ கார்டின் 1,00,000 வரம்பில் 60,000 நிலுவை ஏறி, அதன் தனிப் பயன்பாடு 60 சதவீதம் ஆகிவிடுகிறது. "எல்லாப் பாக்கியையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டேன், கணக்கு எளிதாகிவிட்டது" என்று அவர் நிம்மதி அடையும் அதே மாதத்தில் ஸ்கோர் இறங்கும்.

4. முதலில் 60,000 நிலுவை முழுவதையும் கட்டிவிட்டு, பூஜ்யம் என்று பதிவான பிறகு எந்தக் கார்டையும் மூடுகிறார். பூஜ்யத்தை எந்த எண்ணால் வகுத்தாலும் பூஜ்யம்தான். விகிதம் அசையாது. தொடக்கத்தில் சொன்ன இரண்டாமவரின் ஸ்கோர் அசையாமல் நின்றதன் காரணம் இதுவே.

"பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்பது ஒரு கைக்கணக்கு. 29 சதவீதத்தில் பத்திரமாக நின்று 31 சதவீதத்தில் அதலபாதாளத்தில் விழுவது போன்ற கோடு எதுவும் அங்கே இல்லை. குறையக் குறைய நல்லது, அவ்வளவே.

முழுப் பில்லையும் கட்டுபவருக்கும் இது பொருந்துமா?

"நான் மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேன், எனக்கு நிலுவையே கிடையாது" என்பவர்கள் அறிக்கையைப் பார்த்தால் திகைப்பார்கள். பெரும்பாலான வங்கிகள் அனுப்புவது பில் தயாரான நாளில் இருந்த தொகையை. பில் தேதி 10 என்றும், கட்ட வேண்டிய கடைசித் தேதி 30 என்றும் வைத்துக்கொண்டால், 28ஆம் தேதி முழுத் தொகையும் கட்டப்பட்டிருந்தாலும் அறிக்கையில் ஏறியது 10ஆம் தேதித் தொகைதான். வட்டி என்று ஒரு காசும் கட்டாதவருக்கும் பயன்பாட்டு விகிதம் உண்டு. அவர் ஒரு கார்டை மூடி, அதில் செய்துவந்த செலவையும் மீதமுள்ள கார்டுக்குக் கொண்டுவந்தால் அந்த விகிதம் ஏறும். பில் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பெரும்பகுதியைக் கட்டிவிட்டால் இது சரியாகிவிடும்.

இந்தியாவில் வங்கிகள் கடன் விவரத்தை 15 நாட்களுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு மாதம் ஒருமுறை என்றிருந்தது. இதனால் நல்லதோ கெட்டதோ அறிக்கையில் விரைவாகத் தெரிகிறது.

பயன்பாட்டால் வரும் இறக்கத்தில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. வழக்கமான கணக்கீட்டு முறைகள் அப்போதைய விகிதத்தை மட்டுமே பார்க்கின்றன. மூன்று மாதம் முன்பு 70 சதவீதம் இருந்தது என்பதை அவை நினைவில் வைப்பதில்லை. நிலுவை இறங்கியதும் ஸ்கோரும் மீண்டுவிடுகிறது. ஃபைகோ 10டி, அமெரிக்காவின் இன்னொரு ஸ்கோர் முறையான வான்டேஜ்ஸ்கோரின் 4.0 பதிப்பு போன்ற புதிய முறைகள் இதற்கு விலக்கு. அவை 24 மாதப் போக்கை எடுத்துப் பார்க்கின்றன.

"இணைத்தல்" என்று சொல்லப்படும் நான்கு வெவ்வேறு காரியங்கள்

கார்டுகளை இணைப்பது என்ற ஒரே பெயரில் நான்கு காரியங்கள் புழங்குகின்றன. வங்கியிடம் கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் நினைத்தது ஒன்றாகவும் நடந்தது வேறாகவும் முடியும்.

1. வரம்பை இணைத்தல். மேலே கண்ட இரண்டாவது வழி. ஒரே வங்கிக்குள் மட்டுமே நடக்கும். எல்லா வங்கிகளும் இதை அனுமதிப்பதில்லை. வரம்பு முழுவதும் மாறுகிறதா, ஒரு பகுதி மட்டும் மாறுகிறதா என்பதையும், இதற்காகக் கடன் அறிக்கையைப் புதிய விண்ணப்பம்போல் எடுத்துப் பார்ப்பார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த விசாரணை அறிக்கையில் பதிவாகும். அமெரிக்க அறிக்கைகளில் அது 2 ஆண்டுகள் இருக்கும். ஃபைகோ அதை 12 மாதங்கள் மட்டும் கணக்கில் கொள்ளும்.

2. நிலுவையை மாற்றுதல். ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு, பெரும்பாலும் வேறு வங்கிக்கு, குறைந்த வட்டிக்காகக் கொண்டுபோவது. இதில் பழைய கார்டு தானாக மூடப்படுவதில்லை. மூடாமல் விட்டால் மொத்த வரம்பு கூடும், விகிதம் இறங்கும். உடனே மூடினால் அந்த ஆதாயம் போய்விடும். மூடாமல் விட்ட பழைய கார்டில் மீண்டும் செலவு ஏறத் தொடங்கினால் இரு இடத்திலும் கடன் நிற்கும் என்பதையும் மறப்பதற்கில்லை.

3. தனிநபர் கடன் வாங்கிக் கார்டுகளை அடைத்தல். கார்டு நிலுவை சுழற்கடன், அதாவது வரம்புக்குள் எடுத்து, கட்டி, மீண்டும் எடுக்கக்கூடியது. தனிநபர் கடன் தவணைக்கடன், ஒருமுறை வாங்கி மாதத் தவணையில் கட்டி முடிப்பது. பயன்பாட்டு விகிதம் சுழற்கடனை வைத்தே போடப்படுவதால், கார்டுகள் பூஜ்யமானதும் விகிதம் சட்டென்று இறங்குகிறது. புதுக் கடனுக்கான விசாரணையும், புதிய கணக்கால் சராசரி வயது குறைவதும் அதற்கு எதிராகச் சிறிது இழுக்கும். அதிக நிலுவை வைத்திருப்பவருக்குப் பொதுவாக முதலாவதே மேலோங்கும்.

4. கார்டு வகையை மாற்றுதல். ஆண்டுக் கட்டணம் அதிகமுள்ள கார்டை அதே வங்கியின் கட்டணமில்லாத கார்டாக மாற்றிக்கொள்வது. கணக்கு மூடப்படாமல், திறந்த தேதியும் வரம்பும் பெரும்பாலும் அப்படியே தொடரும். கட்டணத்துக்காக மட்டும் கார்டை மூட நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஆனால் வாடிக்கையாளர் சேவையில் இதைத் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இந்திய வங்கிகளில் இன்னொரு வழக்கம் உண்டு. இரண்டு மூன்று கார்டுகளைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பொது வரம்பை வைத்துவிடுவார்கள். இப்படியிருந்தால் ஒரு கார்டை மூடுவதால் செலவழிக்கக்கூடிய தொகை குறையாது. ஆனால் அறிக்கையில் அந்தப் பொது வரம்பு ஒவ்வொரு கார்டின் எதிரிலும் முழுதாகப் பதிவாகியிருந்தால், காகிதத்தில் வரம்பு இரட்டிப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும். ஒன்றை மூடியதும் அந்தத் தோற்றம் கலைந்து, விகிதம் ஏறும். மூடுவதற்கு முன் அறிக்கையை எடுத்து ஒவ்வொரு கார்டின் எதிரிலும் என்ன வரம்பு எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பழைய கார்டின் வயது: மிகைப்படுத்தப்பட்ட அச்சம்

"மிகப் பழைய கார்டை மூடினால் வரலாறே அழிந்துவிடும்" என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்க அறிக்கைகளில், தவறாமல் கட்டி மூடப்பட்ட கணக்கு சுமார் 10 ஆண்டுகள் வரை தொடர்ந்து இடம்பெறுகிறது. தாமதமான தவணை போன்ற பாதகப் பதிவுகள் 7 ஆண்டுகள் இருக்கின்றன. இந்தியாவிலும் கடன் தகவல் நிறுவனங்கள் விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கார்டு மூடப்பட்டாலும் அதன் வரலாறு அன்றே துடைக்கப்படுவதில்லை.

சராசரி வயது என்ன ஆகும் என்பது கணக்கீட்டு முறையைப் பொறுத்தது. 12, 6, 3 ஆண்டு வயதுள்ள மூன்று கார்டுகளின் சராசரி 7 ஆண்டுகள். ஃபைகோ முறை மூடிய கணக்கையும், அறிக்கையில் இருக்கும்வரை, வயதுக் கணக்கில் சேர்க்கிறது. அதனால் 12 ஆண்டுக் கார்டை மூடிய மறுநாளும் சராசரி 7தான். வான்டேஜ்ஸ்கோர் முறையில் மூடிய கணக்குகள் சில விடுபடலாம். விடுபட்டால் சராசரி 4.5 ஆண்டாக இறங்கும். ஒரே நபருக்கு ஒரே நாளில் இரு செயலிகள் இருவேறு விளைவைக் காட்டுவது இதனாலும்தான்.

ஃபைகோ கணக்கிலேயே, 10 ஆண்டு கழித்து அந்தப் பழைய கார்டு அறிக்கையிலிருந்து விழும் நாளைப் பார்ப்போம். மற்ற இரண்டும் அப்போது 16, 13 வயதை எட்டியிருக்கும், சராசரி 14.5. பழைய கார்டு 22 வயதோடு உடனிருந்தால் சராசரி 17 ஆகியிருக்கும். 17க்கும் 14.5க்கும் உள்ள இடைவெளிக்காக, பயனில்லாத ஒரு கார்டுக்குப் பத்து ஆண்டுகள் கட்டணம் கட்டுவது வீண் செலவு. எனினும் ஒரே ஒரு பழைய கார்டும், சென்ற ஆண்டு வாங்கிய புதுக் கார்டும் மட்டுமே வைத்திருப்பவர் இந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்க வேண்டாம். மெலிந்த அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கனமும் அதிகம். கட்டணமில்லாத பழைய கார்டாக இருந்தால் அவர் வைத்துக்கொள்வதே சரி.

வைத்துக்கொள்வது என்றால் பீரோவில் போட்டுப் பூட்டிவிடுவது அல்ல. ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட கார்டு விதிமுறைகளின்படி, ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத கார்டை மூடும் நடவடிக்கையை வங்கி, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டுத் தொடங்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பாக்கி ஏதும் இல்லாத நிலையில், கார்டு மூடப்படும். மற்ற நாடுகளிலும் தூங்கும் கார்டுகளை வங்கிகள் மூடுவதுண்டு, சில சமயம் வரம்பை வெட்டுவதும் உண்டு. மூடியது வாடிக்கையாளரா வங்கியா என்பது விகிதக் கணக்கில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்காது. ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு சிறு பில்லை அதில் கட்டி, அந்தத் தொகையைத் தவறாமல் அடைத்துவிட்டால் போதும்.

உண்மையான சேதம் எங்கே நடக்கிறது

விகிதம் ஏறி வரும் இறக்கம் சில மாதங்களில் சரியாகிவிடும். வயதால் வரும் இறக்கம் பெரும்பாலும் சிறியது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அடி, மூடிவிட்டதாக நினைத்து மறந்துபோன கார்டிலிருந்து வருகிறது.

அது நடக்கும் விதம் இதுதான். கடைசி பில்லில் காட்டிய தொகையைக் கட்டிவிட்டு, கார்டை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். முந்தைய மாதம் பகுதித் தொகை மட்டும் கட்டியிருந்தால், பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் ஏறும். ஆண்டுக் கட்டணம் அதே மாதத்தில் விழலாம்; அதன்மேல் வரி சேரும். தானாகக் கழியும்படி விட்டிருந்த ஏதோ ஒரு மாதச் சந்தா இன்னொரு முறை கழிந்திருக்கும். மொத்தம் இருநூறு, முந்நூறுதான். செயலியையும் நீக்கியாகிவிட்டது, மின்னஞ்சலையும் யாரும் பார்ப்பதில்லை. தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும்.

சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். 36 மாதங்கள் வரை காட்டும். கெடு தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதை அவை சொல்கின்றன. ஒழுங்காகக் கட்டியவருக்கு அங்கே 000 என்று வரிசையாக நிற்கும். மறந்துபோன முந்நூறு ரூபாய்க்கு அதே வரிசையில் 030, 060, 090 என்று ஏறத் தொடங்கும். தொகை சிறியது என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. பல ஆண்டு ஒழுங்கைக் காட்டிய வரிசை ஒரு மாதச் சந்தாவால் இப்படிக் கறைபடுவதுதான் கார்டு மூடலில் நிகழும் பெரிய இழப்பு. ஸ்கோரில் 35 சதவீதப் பங்குள்ள இனத்தை இது நேரடியாகத் தாக்குகிறது.

"மூடியது" வேறு, "செட்டில் ஆனது" வேறு

கட்ட முடியாத நிலையில், பாக்கி 80,000க்கு 45,000 கட்டினால் போதும் என்று வங்கியோ வசூல் முகவரோ பேசி முடிப்பதைச் செட்டில்மென்ட் என்கிறார்கள். முகவர் தொலைபேசியில் "இத்தோடு அக்கவுன்ட் குளோஸ் சார்" என்பார். அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகப் பதிவாகாது. செட்டில்டு என்று பதிவாகும். கொடுக்க வேண்டியதை முழுதாகக் கொடுக்கவில்லை என்பதே அதன் பொருள். புதிய கடன் கொடுக்கப்போகிறவர் அதைப் பாதகமாகவே படிப்பார். வங்கி நம்பிக்கை இழந்து கணக்கைத் தள்ளுபடி செய்ததாகக் காட்டும் குறிப்பு இதைவிடக் கடுமையானது. மீதித் தொகையைப் பின்னர் கட்டி, பதிவை மாற்றித் தரும்படி வங்கியிடம் எழுத்தில் கேட்க இடமுண்டு. முழுத் தொகையையும் கட்ட எந்த வழியும் இல்லாதவருக்குச் செட்டில்மென்ட் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். பாக்கியில் ஒரு பகுதி குறைகிறதே என்ற ஆசையில் மட்டும் அதில் இறங்குவது பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது காலை வாரும்.

மூடுவதானால் எந்த வரிசையில்?

கார்டை மூட நியாயமான காரணங்கள் பல. கட்டணத்துக்கு ஈடான பயன் இல்லாமல் இருக்கலாம். கையில் இருந்தால் செலவு கட்டுக்கு அடங்காமல் போகலாம். கவனிக்காத கார்டில் மோசடி நடந்தாலும் தெரியாமல் போகலாம். ஸ்கோரில் பத்துப் புள்ளிக்காக இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த மூன்று நான்கு மாதங்களில் வீட்டுக்கடனோ வாகனக் கடனோ கேட்கப்போகிறவர் மட்டும், அந்தக் கடன் கைக்கு வரும்வரை மூடல், இணைப்பு இரண்டையும் தள்ளிவைப்பது விவேகம். மற்றவர்களுக்குக் காரியத்தின் வரிசைதான் முக்கியம்.

1. மூடப்போகும் கார்டில் செலவை நிறுத்தி, தானாகக் கழியும் கட்டளைகளை வேறு கார்டுக்கு மாற்றவும். ஓடிடி சந்தா, காப்பீட்டுப் பிரீமியம், மின்கட்டணம் ஆகிய மூன்றும் அதிகம் மறக்கப்படுபவை.

2. நிலுவை முழுவதையும் கட்டி, பூஜ்யம் காட்டும் ஒரு பில் வரும்வரை காத்திருக்கவும். தவணையாக மாற்றிய கொள்முதல்கள் இருந்தால் அவற்றின் மீதியும் இதில் அடங்கும்; முன்கூட்டி முடிக்கக் கட்டணம் கேட்கலாம்.

3. சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளைப் பயன்படுத்திவிடவும். கணக்கு மூடினால் பெரும்பாலும் அவையும் போய்விடும்.

4. அதே வங்கியில் வேறு கார்டு இருந்தால், வரம்பை அதற்கு மாற்றித் தரக் கேட்கவும். மூடிய பின் கேட்டால் வரம்பு திரும்ப வராது. இந்த ஒரு படியைத் தாண்டிவிடுவதே பெரும்பாலான ஸ்கோர் இறக்கங்களுக்குக் காரணம்.

5. மூடும் கோரிக்கையை எழுத்து வடிவில் பதிவுசெய்து, நிலுவை இல்லை என்ற சான்றைப் பெறவும். 2022 விதிமுறைகளின்படி, பாக்கி இல்லாத கார்டை இந்திய வங்கிகள் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும்; தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கணக்கில் கூடுதலாகக் கட்டிய பணம் கிடந்தால் அதையும் திருப்பித் தர வேண்டும்.

கூடுதல் கார்டை மனைவிக்கோ பிள்ளைக்கோ வாங்கிக் கொடுத்திருந்தால், முதன்மைக் கார்டை மூடும்போது அதுவும் செயலிழக்கும் என்பதை அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. பெட்ரோல் பங்க்கில் நின்று அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூடிய பிறகு அறிக்கையில் பார்க்க வேண்டியவை

ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கணக்கு மூடப்பட்ட தேதி பதிவாகியிருக்கிறதா, நிலுவை பூஜ்யமாக இருக்கிறதா, நிலை மூடப்பட்டது என்றே இருக்கிறதா ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

வங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் கார்டு எண் மாறியவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வங்கியின் பெயரில் இருந்த கணக்கு முறையாக முடிக்கப்படாமல், புதிய வங்கியின் பெயரில் இன்னொன்று திறக்கப்பட்டதாகப் பதிவாகியிருந்தால், ஒரே கடன் இருமுறை எண்ணப்படும். திறந்த தேதியும் பழையதாக இல்லாமல், மாற்றம் நடந்த நாளாக இருந்துவிடலாம். பல ஆண்டு வயதுள்ள கார்டு நேற்றுப் பிறந்ததாகத் தெரிவது இப்படித்தான்.

பிழை இருந்தால் கடன் தகவல் நிறுவனத்திடமும் வங்கியிடமும் எழுத்தில் முறையிடலாம். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் கடன் அறிக்கைச் சட்டத்தின்கீழ், முறையீட்டைப் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். இந்தியாவிலும் 30 நாட்கள்தான் கெடு. அதற்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன்பின் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் முதல் அது நடப்பில் உள்ளது. தவறு வங்கியுடையதா கடன் தகவல் நிறுவனத்துடையதா என்பதைப் பொறுத்து அந்தத் தொகையை யார் ஏற்பது என்பது முடிவாகும். முறையிட்ட தேதியும் குறிப்பு எண்ணும் கையில் இருந்தால்தான் நாள் கணக்கை நிறுவ முடியும். நிலுவை இல்லை என்ற சான்றோடு அவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.